எச்சரித்தவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சிறிய வாசிப்புக் கூட்டம் நடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கியது. நிலமும் நீரும் கெடப்போகிறது என்று முன்பே சொன்ன அறிவியலாளர்கள், எழுத்தாளர்கள், பாடகர்கள், புகைப்படக்காரர்கள் பற்றித்தான் அதில் பேசுவோம். நான் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இத்தனை வருடத்தில் சில சந்தேகங்கள் ஆள் மாறினாலும் மாறாமல் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

டீச்சர், "சுற்றுச்சூழல் சிந்தனையாளர்"னா யாரு? மரம் நடுறவங்களா?

மரம் நடுவது நல்ல வேலைதான். ஆனால் நாம் பேசுகிறவர்கள் செய்தது வேறு. ஒரு ஏரியையோ வயலையோ கழிமுகத்தையோ பல வருடம் விடாமல் பார்த்தார்கள். அங்கே ஏதோ குறைகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னால் கவனித்தார்கள். கவனித்ததை, கேட்கப் பிடிக்காதவர்கள் காதிலும் விழும்படி சொன்னார்கள்.

இவர்களைத் தீர்க்கதரிசிகள் என்று அழைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அது ஏதோ வரம் பெற்றவர்கள் போன்ற எண்ணத்தைத் தருகிறது. தினமும் கிணற்றில் வாளி இறக்குகிறவருக்குத் தண்ணீர் இறங்குவது முதலில் தெரியும். கயிறு போதவில்லை என்று அவர்தான் முதலில் சொல்வார். அந்த மாதிரி ஆட்கள் இவர்கள்.

ரேச்சல் கார்சன்னு ஒரு பேருதான் எனக்குத் தெரியும். அவங்கதான் முதல் ஆளா?

இல்லை. கார்சன் பூச்சிமருந்துகளின் ஆபத்தைப் பற்றி 1962-ல் எழுதிய அமெரிக்கர். அதற்குச் சுமார் 160 வருடத்துக்கு முன், 1800-ல், அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரிக்குப் போனார். ஏரி ஏன் சுருங்கிக்கொண்டே போகிறது என்பது அந்த ஊர்க்காரர்களின் கவலை. சுற்றியிருந்த காட்டை வெட்டியதையும் ஓடைகளைப் பாசனத்துக்குத் திருப்பியதையும் அவர் காரணமாகச் சொன்னார். மரம் போனால் மழைநீர் மண்ணில் இறங்காது, மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும் என்று விளக்கினார். 1864-ல் அமெரிக்கரான ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், மனிதன் நிலத்தை எப்படிக் கெடுக்கிறான் என்பதற்காகவே ஒரு பெரிய நூல் எழுதினார்.

ஆனால் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் எட்வர்ட் பால்ஃபர். மதராஸில் பணியாற்றிய ராணுவ மருத்துவர். மரங்கள் மழையையும் மண்ணின் ஈரத்தையும் எப்படிக் காக்கின்றன என்று 1849-லேயே மதராஸில் வெளிவந்த ஆய்விதழில் எழுதினார். மழை பொய்த்தால் பஞ்சம், பஞ்சம் வந்தால் நோய் என்பது ஒரு மருத்துவராக அவருடைய கவலை. 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரும் அவரே. 1855-ல் அங்கேயே மிருகக்காட்சிசாலையையும் தொடங்கினார். எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் "செத்த காலேஜ்", "உயிர் காலேஜ்" என்று சொன்னார்களே, அவை இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் இவர். எழும்பூர் பாந்தியன் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் திமிங்கில எலும்பைப் பார்க்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

வெள்ளைக்காரன் ரயிலுக்குக் கட்டை வேணும்னுதானே மேடம் காட்டைக் காப்பாத்தினான்? அவனையெல்லாம் இந்த லிஸ்ட்ல சேர்க்கலாமா?

நியாயமான கேள்வி. ஹியூ கிளெக்ஹார்ன் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-ல் மதராஸிலேயே பிறந்தவர். வெப்பமண்டலக் காடுகள் அழிவதைப் பற்றி 1851-ல் ஓர் அறிக்கை தயாரிப்பதில் முன்னின்றார். 1856-ல் மதராஸ் மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலர் ஆனார். மலைகளில் காடு போனால் கீழே ஆறு வற்றும் என்பதை மெய்யாகவே உணர்ந்தவர். அதே சமயம், தண்டவாளக் கட்டைக்குத் தேக்கு தீர்ந்துவிடுமே என்ற அரசின் பயமும் அந்த வேலைக்குப் பின்னால் இருந்தது. காடு அழிவதற்கு மலைமக்களின் குமரி சாகுபடியையும், அதாவது காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றி மாற்றிப் பயிரிடுவதையும், அவர் குற்றம் சாட்டினார். பின்னால் வந்த 1882-ன் மதராஸ் வனச் சட்டம் காட்டை நம்பி வாழ்ந்தவர்களின் உரிமைகளைச் சுருக்கியது.

எனவே சேர்க்கலாம், முழுக் கதையோடு. காடு அழிந்தால் ஆறு வற்றும் என்று அவர் கண்டது சரி. பழியை அங்கேயே வாழ்ந்தவன் தலையில் போட்டது தவறு. இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. கரையோரக் குடிசைதான் கூவத்தின் பிரச்சினை என்று பேசுகிறவர்களிடம் அதே பழக்கத்தைத்தான் காண்கிறேன்.

நம்ம சங்கப் பாட்டுலயே எல்லாம் இருக்கே. இவங்க புதுசா என்ன சொல்லிட்டாங்க?

எல்லாம் இல்லை. இயற்கையை நேசிப்பது வேறு, அது கெடப்போகிறது என்று ஆளுகிறவரிடம் சொல்வது வேறு. புன்னையைத் தங்கையாகப் பார்த்த நற்றிணைப் பாட்டு நேசத்தின் உச்சம். ஆனால் அது எச்சரிக்கை அல்ல.

எச்சரிக்கைக்கு மிக அருகில் வருவது புறநானூறு 18. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்துப் பாடியது. "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்ற வரி பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்துப் புலவர் எங்கே போகிறார் என்பதுதான் முக்கியம். உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது. வானம் பார்த்த வெறும் நிலம் எவ்வளவு பரந்திருந்தாலும் அரசனுக்கு உதவாது. ஆகவே நிலம் பள்ளமான இடத்தில் எல்லாம் நீரைத் தேக்கு என்கிறார். போரில் வென்று நிற்கும் அரசனிடம் போய் ஏரி வெட்டு என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாருக்கும் அந்தத் துணிவு பொது. புகழ்ப் பாட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "நாங்கள் அப்போதே" என்று பெருமைப்படுவது குடபுலவியனாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சரி, ரேச்சல் கார்சன் அப்படி என்னதான் எழுதினாங்க?

கார்சன் கடல் உயிரியலாளர், அமெரிக்க அரசுத் துறையில் வேலை பார்த்தவர். பூச்சிமருந்துகள், குறிப்பாக டி.டி.டி., உயிரிலிருந்து உயிருக்கு ஏறுவதை 1962-ல் வந்த தன் நூலில் காட்டினார். அதில் எனக்குப் பிடித்த பகுதி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்து ராபின் பறவைகள் பற்றியது. எல்ம் மரங்களுக்கு வந்த நோயைத் தடுக்க மருந்து அடிக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் இலை விழுகிறது. மண்புழு அந்த இலையைத் தின்கிறது. அடுத்த வசந்தத்தில் ராபின் அந்தப் புழுவைத் தின்று சாகிறது. மரத்துக்குத்தான் மருந்து அடித்தோம், பறவை மேல் ஒரு துளி படவில்லை என்று சொன்னவர்களுக்கு அவர் தந்த பதில் இது.

ரசாயனத் தொழில்துறை அவரைக் கடுமையாகத் தாக்கியது. 1963-ல் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு ஆராய்ந்து, பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. அந்த நாட்களில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. எதிராளிகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று வெளியே சொல்லவில்லை. 1964 ஏப்ரலில் இறந்தார். அமெரிக்கா 1972-ல் பயிர்களுக்கு டி.டி.டி. அடிப்பதைத் தடை செய்தது. அவர் பார்க்கவில்லை.

டி.டி.டி.யைத் தடை பண்ணதால மலேரியாவுல லட்சக்கணக்கான பேர் செத்தாங்கன்னு ஒரு வீடியோ பார்த்தேன். அது கார்சன் மேல பழிதானே?

முந்தைய பதிலில் "பயிர்களுக்கு" என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? 1972 தடை அமெரிக்க விவசாயத்துக்கானது. நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் 2001-ன் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமும் நோய் பரப்பும் கொசுவை ஒழிக்க டி.டி.டி.க்கு விலக்கு தந்தது. இந்தியாவில் மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் அதை அடிப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

கார்சன் சொன்னது இன்னும் நுட்பமானது. வயலில் வாரி இறைத்தால் பூச்சிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு நோய்க்கொசுவுக்கு அடிக்கும்போது கேட்காது என்றார். எல்லா மருந்தையும் நிறுத்து என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுல நம்மாழ்வாரைத் தவிர வேற யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். மறந்துவிட்டோம். இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜே.சி. குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். அந்தத் தணிக்கைக்காரரின் கண்ணோடுதான் பூமியைப் பார்த்தார். நிலக்கரி, பெட்ரோல், உலோகம் இவை பத்தாயத்தில் இருக்கும் நெல் மாதிரி; அள்ள அள்ளக் குறையும். காற்று, வெயில், ஓடும் நீர், வளரும் மரம் இவை வாய்க்காலில் வரும் தண்ணீர் மாதிரி. அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். பத்தாய நெல் என்ற உவமை என்னுடையது. தேங்கி நிற்பது, ஓடி வருவது என்ற பிரிவினை அவருடையது. தேங்கியதை நம்பிக் கட்டும் வாழ்க்கை சண்டையில்தான் முடியும், ஏனென்றால் குறைகிற பொருளுக்கு எப்போதும் போட்டி உண்டு என்றார். பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கு, கூடிச் சேர்க்கும் தேனீ, பலன் பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என்று பொருளாதாரங்களை வகை பிரித்தார். இதையெல்லாம் ஜபல்பூர் சிறையில் எழுதினார். 1945-ல் காந்தி முன்னுரை கொடுத்தார். "நிலைத்த பொருளாதாரம்" என்று இன்று மாநாடு போட்டுப் பேசுவதை அவர் சிறைக்குள் உட்கார்ந்து பேசியிருக்கிறார். கடைசிக் காலத்தில் மதுரை அருகே தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960-ல் மறைந்தார்.

இன்னொருவர் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூரில் வாழ்ந்தவர். கறுப்பு-வெள்ளையில் மட்டும் காட்டுயிர்களைப் படம் எடுத்தார். 1950-ல் ஓர் ஆங்கில நாளிதழில் தொடங்கிய இயற்கைக் குறிப்புப் பத்தியை 1996 பிப்ரவரி 18-ல் இறக்கும் வரை, 46 வருடம், எழுதினார். யானை, புலி மட்டும் அல்ல. காக்கை, அணில், பல்லி எல்லாம் அதில் வரும். பூ அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டு மரங்களை நட்டு, நம் மண்ணின் மரங்களை மறப்பதை அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். 2016-ல் வர்தா புயல் நகரத்துச் சாலைகளில் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது அவர் எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன்.

நம்மாழ்வார் பக்கமா, எம்.எஸ். சுவாமிநாதன் பக்கமா? நீங்க எந்தப் பக்கம்?

இந்தக் கேள்வி வந்தால் மாடியில் சத்தம் அதிகமாகும். முதலில் இருவரும் செய்ததைப் பார்ப்போம். நம்மாழ்வார் 1938-ல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார். வேளாண்மை படித்து கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி விவசாயியை ரசாயன உரத்துக்கும் கடனுக்கும் தள்ளும் ஆராய்ச்சி யாருக்காக என்று கேட்டு 1969-ல் வேலையை விட்டார். 2004 சுனாமியில் உப்பு ஏறிய நாகப்பட்டினத்து வயல்களை இயற்கை முறையில் மீட்டுக் காட்டினார். காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். அந்தப் படுகை 2020-ல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது.

சுவாமிநாதன் பசுமைப் புரட்சியின் முகம். ஆனால் அந்தப் புரட்சி சூடு பிடித்த நேரத்தில், 1968 ஜனவரியில், வாரணாசி அறிவியல் மாநாட்டில் அவர் பேசியது பலருக்குத் தெரியாது. மண் வளத்தைக் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாலைவனமாகும், பூச்சிமருந்தைக் கண்மூடி அடித்தால் நஞ்சு உணவில் ஏறும், எங்கும் ஒன்றிரண்டு ரகங்களையே பயிரிட்டால் நோய் மொத்தமாக அழிக்கும், நிலத்தடி நீரை இப்படி உறிஞ்சினால் தீர்ந்துபோகும் என்றார். தான் முன்னின்ற காரியத்தின் ஆபத்தைத் தானே மேடையில் சொன்னது பெரிய விஷயம்.

நான் எந்தப் பக்கம் என்றால், எச்சரிக்கையைப் பொறுத்தவரை இருவரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். வேறுபாடு, சொன்ன பிறகு என்ன செய்தார்கள் என்பதில். சுவாமிநாதன் அமைப்புக்குள் இருந்து திருத்தப் பார்த்தார். நம்மாழ்வார் வெளியே வந்து விவசாயியின் வரப்பில் உட்கார்ந்தார். என் மனம் வரப்பின் பக்கம் சாய்கிறது. ஆனால் 1960-களின் பஞ்ச பயத்தை நேரில் பார்த்த என் அப்பாவின் முன்னால் சுவாமிநாதனை இகழ்ந்து பேச என்னால் முடிந்ததில்லை.

பாட்டு பாடி, போட்டோ எடுத்து என்ன ஆகப்போகுது?

சில நேரம் ஒன்றும் ஆவதில்லை. சில நேரம் ஒரு காடே மிஞ்சுகிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை வரவிருந்தது. அறிவியல் இயக்கத்தவர் கணக்கோடு எதிர்த்தார்கள். கூடவே மலையாளக் கவிஞர் சுகதகுமாரி மரத்தைப் போற்றி ஒரு கவிதை எழுதினார். கவிஞர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். சிங்கவால் குரங்கைப் பார்த்தே இராத மக்கள் அதற்காகப் பேச ஆரம்பித்தார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் அது தேசியப் பூங்கா. அறிக்கை தனியாக இதைச் சாதித்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கவிதை தனியாகச் சாதித்திருக்கும் என்றும் நம்பவில்லை.

ஜப்பானில் மினமாட்டா கடலில் ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கொட்டியது. அந்த மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களின் நரம்புகள் கெட்டன. கார்சன் சொன்ன அதே ஏணி: கழிவிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மனிதனுக்கு. அந்தக் குடும்பங்களின் பேச்சு வழக்கிலேயே இஷிமுரே மிச்சிகோ 1969-ல் நூல் எழுதினார். புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971-ல் அங்கேயே போய்த் தங்கினார்கள். ஆலைக்காரர்களின் அடியில் ஸ்மித்தின் கண்பார்வை பாதிக்கப்பட்டது. தாய் தன் மகளைக் குளிப்பாட்டும் அவருடைய படம்தான் உலகத்துக்கு மினமாட்டாவைச் சொன்னது. பின்னாளில் அந்தக் குடும்பத்தின் மனவேதனைக்காக அந்தப் படத்தைப் புதிதாக வெளியிடுவதை ஐலீன் நிறுத்திவைத்தார். துயரத்தைக் காட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நம் ஊரிலும் பாதரசக் கதை உண்டு. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் தொழிலாளர்கள் பதினைந்து வருடம் போராடினார்கள். சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் 2015-ல் அதைப் பற்றிப் பாடிய ராப் பாட்டு உலகெங்கும் பரவியது. 2016-ல் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. பாட்டு வென்றது என்று எழுதினால் அந்தப் பதினைந்து வருடத்தை அழித்தது மாதிரி ஆகும். கேட்காத காதுகளை அது கேட்க வைத்தது.

புறம்போக்குன்னா திட்டு வார்த்தைதானே? அதை வெச்சு கச்சேரிப் பாட்டா?

திட்டாக மாறியது பிற்பாடு. ஊரின் கணக்கேட்டில் யாருடைய பட்டாவுக்கும் வராத, வரி விதிக்கப்படாத, எல்லாருக்கும் பொதுவான நிலம்தான் புறம்போக்கு. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, கழிமுகம் எல்லாம் அதில் அடங்கும். யாருக்கும் சொந்தமில்லை என்பதை "யாருக்கும் உபயோகமில்லை" என்று நாம் மாற்றிக்கொண்டோம். பிறகு ஒன்றுக்கும் உதவாத மனிதனை அந்தப் பெயரால் திட்டினோம்.

2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, கபேர் வாசுகி சென்னைப் பேச்சில் எழுதிய பாட்டை ராகமாலிகையாகப் பாடினார். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், காலடியில் சாம்பல். கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்த இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்ந்தவர்கள், சாம்பல் படிந்து ஆழம் குறைவதைப் பல வருடமாகச் சொல்லிவந்தார்கள். பாட்டு வந்ததால் கழிமுகம் தப்பிவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அங்கே பரவியதை எல்லாரும் பார்த்தோம். ஆனால் எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு கல்லூரிப் பையன், "இனிமே அந்த வார்த்தையால யாரையும் திட்ட மாட்டேன் டீச்சர்" என்றான். அவன் இப்போது தன் ஊர் ஏரியின் பழைய வரைபடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

புவி வெப்பமாதலை யாரு முதல்ல சொன்னது? இப்ப வந்த பேச்சுதானே அது?

1856-ல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண், கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழாய் அதிகம் சூடாவதைக் காட்டினார். 1896-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் அந்த வாயு இரு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1938-ல் கை காலெண்டர் என்ற பொறியாளர் பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்றார், பெரும்பாலோர் நம்பவில்லை. 1958 முதல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளந்தார். அப்போது பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 1988 ஜூனில் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட்டில் நேராகச் சாட்சி சொன்னார்.

இவங்க சொன்னது எல்லாம் நடந்துச்சா? சும்மா பயமுறுத்தினவங்களும் உண்டுதானே?

உண்டு. பால் எர்லிக் 1968-ல் மக்கள்தொகை பற்றி எழுதிய நூலில் 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். அப்படி நடக்கவில்லை. அவர் நூல் டெல்லித் தெருவில் ஒரு டாக்சிப் பயணத்தோடு தொடங்குகிறது. ஏழைகளின் கூட்டத்தைப் பார்த்து மிரண்ட கண் அது. கிளெக்ஹார்ன் பற்றிச் சொன்ன அதே குறை இங்கேயும் உண்டு.

ஆனால் நடக்காத எச்சரிக்கை எல்லாம் பொய் அல்ல. 1974-ல் ரோலண்டும் மொலினாவும் குளிர்சாதனப் பெட்டி வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். 1987-ல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி அவற்றைக் கட்டுப்படுத்தின. படலம் இப்போது மெல்லத் தேறிவருகிறது. "ஓசோன் ஓட்டைன்னு பயமுறுத்தினாங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்கு: பேச்சைக் கேட்டார்கள், அதனால் பிழைத்தோம்.

செவ்விந்தியத் தலைவர் சியாட்டில் எழுதின கடிதம்னு வாட்ஸ்அப்ல வருதே, அது நிஜமா?

அந்த மனிதர் நிஜம், 1854-ல் அவர் நிலம் பற்றிப் பேசியதும் நிஜம். ஆனால் அந்தப் பேச்சு 33 வருடம் கழித்துத்தான் ஒருவரின் நினைவுக் குறிப்பாக அச்சில் வந்தது. நாம் பகிரும் உருக்கமான வடிவம் 1970-களின் தொடக்கத்தில் டெட் பெர்ரி என்பவர் ஒரு படத்துக்காக எழுதியது. அதில் ரயிலிலிருந்து சுடப்பட்ட காட்டெருமைகள் வருகின்றன. சியாட்டிலின் மக்கள் வாழ்ந்த கடலோரத்தில் காட்டெருமையும் கிடையாது, அன்று ரயிலும் கிடையாது. தேனீ அழிந்தால் நான்கு வருடத்தில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டீன் பெயரில் வருவதும் அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாதது.

நல்ல கருத்துதானே, யார் சொன்னால் என்ன என்று கேட்பார்கள். எனக்கு அது முக்கியம். இந்தப் பக்கத்தில் உள்ளவர்களின் பலமே அவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள் என்பது. யாரும் பார்க்காததை அவர்கள் வரிசையில் வைத்தால், நாளை எவனாவது மொத்தத்தையும் கட்டுக்கதை என்பான்.

இதுக்காக உயிரை விட்டவங்க இருக்காங்களா?

இருக்கிறார்கள். அமேசானில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பர் 22 அன்று தன் வீட்டின் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நைஜீரிய எழுத்தாளர் கென் சாரோ-விவா, எண்ணெய் எடுப்பால் தன் ஓகோனி மக்களின் நிலம் பாழாவதை எதிர்த்தார். 1995 நவம்பர் 10-ல் இன்னும் எட்டுப் பேரோடு தூக்கிலிடப்பட்டார்.

2015 வெள்ளத்தை யாராவது முன்னாடியே சொன்னாங்களா டீச்சர்?

சொன்னார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழிந்து அங்கேதான் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகும். குப்பை கொட்டி, சாலை போட்டு, கட்டடம் கட்டி அதைச் சுருக்கினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று பறவை பார்ப்பவர்களும் ஆய்வாளர்களும் அந்தப் பகுதிவாசிகளும் 2015-க்குப் பல வருடம் முன்பே எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது அவர்களால்தான். 2022-ல் ராம்சர் தலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும், ஆனது.

எனக்கும் ஒருவர் சொன்னார். நாங்கள் இங்கே வீடு வாங்கியபோது கட்டுநர் காட்டிய வண்ணத்தாளில் பூங்காவும் நீரூற்றும் இருந்தன. பால் கொண்டுவந்த பெரியவர் மட்டும், "இது தண்ணி நிக்கிற இடம்மா, எங்கப்பா இங்க மீன் புடிப்பாரு" என்றார். நான் தாவரவியல் டீச்சர். காலி மனைகளில் கோரையும் சம்பங்கோரையும் முளைத்திருந்ததைப் பார்த்தவள். அது என்ன நிலம் என்று கோரையே சொல்லியிருந்தது, பெரியவரும் சொல்லியிருந்தார். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். 2015 டிசம்பர் 2 காலையில் தரைத்தளத்தில் மார்பளவு தண்ணீர். கீழ்வீட்டு அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அப்போ இவங்க எல்லாரும் வளர்ச்சிக்கு எதிரியா? நீங்களும் அந்த வீட்லதானே இருக்கீங்க?

ஆமாம், அந்த வீட்டில்தான் இருக்கிறேன். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், அதை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்ட மனம் வரவில்லை. இங்கேயே இருந்து, வடிகால் எங்கே அடைக்கிறது, எந்த வாய்க்கால் மேல் சுவர் எழுகிறது என்று பார்த்து மனுக் கொடுக்கிறோம்.

வளர்ச்சிக்கு எதிரியா என்றால், குமரப்பா பற்றிய பதிலைப் பாருங்கள். அவர் தொழிலை எதிர்க்கவில்லை. பத்தாயத்தைக் காலி செய்துவிட்டு வருமானம் என்று எழுதும் கணக்கை எதிர்த்தார். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்ததே, அந்தச் செலவை எந்த ஏரியின் விலையில் சேர்ப்பது? நுங்கம்பாக்கத்தில் "லேக் ஏரியா" என்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். ஏரியைத் தூர்த்த அன்று அது வளர்ச்சியின் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் சொன்னா பயந்துடாதா?

பயமுறுத்தும் படமாகக் காட்டினால் பயப்படும். ஒரு ஆளின் கதையாகச் சொன்னால் பயப்படாது என்பது என் அனுபவம். ஜெர்மனியின் காசல் நகரில் ஜோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-ல் 7,000 கற்களை ஒரு அருங்காட்சியகத்தின் முன் குவித்தார். ஒரு மரம் நட்டால் அதன் பக்கத்தில் ஒரு கல்லை நடலாம். குவியல் கரையக் கரைய ஊர் பச்சையாகும். 1986-ல் அவர் இறந்தார். கடைசி மரத்தை 1987-ல் அவர் மகன் நட்டார். இதைச் சொன்ன அடுத்த வாரம் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் மாடியில் கூழாங்கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு பூவரசு, இரண்டு புங்கன் நட்டாகிவிட்டது. கற்கள் நிறைய மிச்சம் இருக்கின்றன.

சரி, முதல்ல எதைப் படிக்கணும், எங்க போய்ப் பார்க்கணும்?

தமிழிலேயே தொடங்குங்கள். சு. தியடோர் பாஸ்கரனின் "இன்னும் பிறக்காத தலைமுறைக்காக" சின்ன நூல், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை "மழைக்காலமும் குயிலோசையும்" என்று தொகுத்தவரும் அவரே. கார்சனை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

பார்க்க வேண்டும் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு நாள், வெயில் ஏறும் முன், துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலையில் கழுவெளியின் ஓரம் நில்லுங்கள். கூழைக்கடா, நாமக்கோழி, வந்த வருடம் என்றால் பூநாரை. தொலைநோக்கி இல்லாவிட்டால் எங்களுடைய ஒன்று இருக்கிறது, ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாடிக்கு வந்து கேளுங்கள். எண்ணூருக்குப் போனால் கரையில் வலை பிரிக்கும் அண்ணன்களிடம் "முன்னெல்லாம் இங்க எவ்வளவு ஆழம்ணே?" என்று கேளுங்கள். கையை உயர்த்திக் காட்டுவார்கள். எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் கொண்டுபோங்கள்.